'சுகமில்லை' என்றால் நம்பாத ஊர்

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் டீக்கடையில் ஒரு பிளேன்டி கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பால் ஊற்றாமல், இஞ்சி தட்டிப் போட்ட வெறும் தேயிலைச் சாயம் என்று விளக்கினேன்.

"வயித்துக்கு முடியலையா தம்பி?" என்று கேட்டார்.

பால் இல்லாத டீ இங்கே வயிறு சரியில்லாதவர்களுக்கு மட்டும்தானாம். இலங்கையில் எங்கள் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்கள் நாள் முழுக்கக் குடிப்பது அதைத்தான். நான் மறுத்துப் பேசவில்லை. அவர் எலுமிச்சை பிழிந்து, உப்பும் போட்டு, அக்கறையாக ஆற்றிக் கொடுத்தார். தோசை கேட்டதற்கு, "இன்னைக்கு இட்லியே சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார். ஊருக்குள் கால் வைத்தவுடனேயே நான் நோயாளியாகிவிட்டேன்.

நோயாளிகளோடுதான் என் பிழைப்பு. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். தோட்டத்து ஆட்கள் தமிழில் சொல்வதை டாக்டருக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். அவர் சொல்வதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதனால் கிடைத்த வேலை. சிங்களத்தில் 'லெட ஹெதுனா' என்பார்கள். நோய் என்று ஒன்று உண்டாகிவிட்டது என்று அர்த்தம். நம் ஆட்கள் நோயின் பேரையே எடுக்க மாட்டார்கள். சுகம் இல்லை என்பதோடு சரி. அதிலும் எனக்கு மிகவும் சிரமம் கொடுப்பது "ஒரு மாதிரியா இருக்கு". எந்த மாதிரி என்று டாக்டர் கேட்பார். நான் திரும்பிக் கேட்டால், "அதாங்க தம்பி, ஒரு மாதிரி" என்று பதில் வரும்.

அப்பாவின் அக்கா பாக்கியத்தைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். அத்தை கல்யாணமான கையோடு, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத்து ஆட்களோடு கப்பலேறி வந்தவர். மாமாவுக்கு ராஜபாளையத்தில் நூல் மில் வேலை கிடைத்தது, மம்சாபுரத்தில் குடியேறினார்கள். அப்பா அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்கவே இல்லை. இப்போது அவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "நீ போயி ஒருக்கா மொகத்தப் பாத்துட்டு வா, அது போதும்" என்று என்னை அனுப்பினார்.

மம்சாபுரம் போகும் மினி பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆம்பளைகள் எல்லாம் இறங்கித் தள்ளுங்கள் என்று டிரைவர் சொன்னார். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் மட்டும் அசையாமல், தனக்கு மேலுக்குச் சொகமில்லை என்றார். பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா, "பஸ்ஸு நின்னவொடனே வந்திருச்சாக்கும் அண்ணாச்சிக்கு" என்றார். பஸ்ஸே சிரித்தது. தள்ளிவிட்டு ஏறிய என்னிடம் வேட்டிக்காரர், "மேலுக்குன்னா எனக்கு இடுப்பு" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

உடம்பை இங்கே 'மேல்' என்கிறார்கள். எங்கள் தோட்டத்துப் பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். மேற்கே மலை தெரிந்தது. தேயிலை இல்லாத மலை எனக்கு உடுப்பில்லாத ஆள் மாதிரி இருந்தது.

அத்தை வாசலில் நின்றிருந்தார். அப்பாவின் மூக்கு, அப்பாவின் காது. என் முகவாயைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். "ஏலே, எந்தம்பி மூஞ்சில பாதிதான் இருக்கு. மீதி உங்கம்மா எடுத்துக்கிட்டாளோ?" என்றார். தமிழ்நாட்டுப் பரோட்டா சாப்பிட வேண்டும் என்ற ஆசையோடு நான் வந்திருந்தேன். அத்தையோ எனக்காகத் தேங்காய் ரொட்டி சுட்டு, மாசிக்கருவாடு இல்லாத குறைக்கு வேறு கருவாட்டுத் தூள் போட்டுச் சம்பல் இடித்திருந்தார். நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு ராமலட்சுமி அக்காவும் வந்து உட்கார்ந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அத்தையை 'வதினா', அதாவது மதினி, என்று கூப்பிடுவார். அத்தை பாத்திரம் கழுவப் போன நேரத்தில், எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை அவர்தான் சொன்னார்.

அத்தைக்கு ஒரே மகள் மகேஸ்வரி. மில்லில் கூட வேலை பார்த்த வன்னியம்பட்டிப் பையனைக் கட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டார். அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அத்தையும் மாமாவும் ஒத்துக்கொள்ளவில்லை. மாமா இறந்தபோது மகேஸ்வரி ஓடி வந்தார். அத்தை முகங்கொடுத்துப் பேசவில்லை. அன்றைக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. மருமகனிடம் அத்தை இதுவரை ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

"நான்தான் மகேசுக்கு போன் போடுவேன். ஸ்பீக்கர்ல வச்சிருவேன். வதினா பக்கத்துல உக்காந்து கேக்கும், மூச்சு விடாது. வச்ச பொறவு, பேத்தி என்ன சொன்னான்னு என்கிட்டயே கேக்கும்" என்றார் ராமலட்சுமி அக்கா.

படுக்கப் போகும்போது நானே அத்தையிடம் மகேஸ்வரி மதினியைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அத்தை பாயை உதறிப் போட்டார்.

"அவ வரமாட்டா. நான் வாடின்னு சொல்லவும் மாட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்லா."

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர். எல்லோரும் ஆண்டாள் கோவிலுக்குப் போவார்கள். அத்தை என்னை மடவார் வளாகம் வைத்தியநாதரிடம் கூட்டிக்கொண்டு போனார். தம்பி வீட்டிலிருந்து யாராவது வந்தால் விரதமிருந்து கும்பிடுவதாக நேர்த்திக்கடனாம். வெயில் கொளுத்தியது. தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பிரகாரம் சுற்றினார். பிரஷர் மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது. அப்பாவுக்குப் பால்கோவா வாங்கினோம். பால்கோவாக் கடைக்காரர் வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டியதை அத்தை என்னிடமே தந்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அத்தை திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"ஏலே, என்னமோ பண்ணுது."

தலை சுற்றுகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டேன். "தெரியல. என்னமோ பண்ணுது" என்றார் மறுபடியும். வெளியே இருந்து யாரோ வந்து அவரை ஏதோ செய்வதைப் போல. இதை எந்த மொழியிலும் என்னால் சொல்ல முடியாது என்ற நினைப்பு, அந்த நேரத்திலும், எனக்கு வந்தது. அதற்குள் வாந்தி எடுத்து, என் தோளில் சாய்ந்து, கண்ணை மூடிவிட்டார்.

பஸ் முழுக்க வைத்தியர்கள். எங்கிருந்தோ ஒரு எலுமிச்சம்பழம் வந்தது. ஒருவர் சோடாவைத் திறந்தார். சுகரா பிரஷரா என்று ஒருவர் கேட்க, கெறக்கம்தான், காத்து விடுங்க என்றார் இன்னொருவர். நான் பதற்றத்தில் எங்கள் ஊர்ப் பேச்சில், "அத்தைக்கு வருத்தம்" என்று கண்டக்டரிடம் சொன்னேன். அவர் விழித்தார், இங்கே அது மனவருத்தம் மட்டும்தான். ஆனாலும் அத்தையின் முகத்தைப் பார்த்ததும் விசிலை ஊதிவிட்டார். பின்னால் வந்த ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, அதில் இருந்தவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, எங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். இறங்கியவர்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. எங்கள் ஊரில் பஸ்களுக்குள் போட்டி உண்டு. ஆள் மாற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் உடனே பார்த்தார்கள். உடம்பில் உப்புச்சத்து மிகவும் இறங்கிவிட்டது என்றும், மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், காலைவரை தூக்கத்திலேயே இருப்பார் என்றும் டாக்டர் சொன்னார். வயதானவர், எதுவும் ஆகலாம், மகனோ மகளோ இருந்தால் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் மில்லில் வேலை பார்க்கும் வடநாட்டுப் பெண் காய்ச்சலில் கிடந்தாள். அவள் தோழி நர்ஸிடம் இந்தியில் ஏதோ சொன்னாள். நர்ஸ் அதை வார்த்தைக்கு வார்த்தை எனக்குத் தமிழில் சொன்னார்: நேற்று சாயங்காலம் இவள் உடம்பு 'கெட்டுப்போய்விட்டதாம்', பால் கெடுவதைப் போல.

ராமலட்சுமி அக்காவுக்குப் போனில் விஷயத்தைச் சொல்லி, எண் வாங்கி மகேஸ்வரி மதினிக்கு போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டாரிடம் நான் வழக்கமாகப் பேசும் விதத்தில், நிதானமாகப் பேசினேன். நான் இலங்கை மாமா மகன். அம்மாவுக்குத் திடீரென்று சுகமில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை. கிளம்பி வாருங்கள்.

"சரி" என்றார் மதினி. வைத்துவிட்டார். என்ன நோய், எந்த வார்டு, எப்படி இருக்கிறார் என்று ஒரு கேள்வி இல்லை. ஒரே ரத்தம் என்று அத்தை சொன்னது உண்மைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.

அத்தையின் சேலை முழுக்க வாந்தி. மாற்றுச்சேலை, துண்டு, டம்ளர் எல்லாம் கொண்டுவரும்படி நர்ஸ் சொன்னார். வீட்டில் அத்தையின் பெட்டியைத் திறக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் நல்ல பச்சை நிறத்தில் நூல் சேலை ஒன்று எடுத்தேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். அத்தைக்கு, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றேன். நீங்கள் அண்ணன் மகனா என்றார். தம்பி மகன், இலங்கையிலிருந்து வந்திருக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் முகம் மாறியது. சேலையை மடித்துக் கொடுக்கும்போது, "போயிட்டு வாங்க" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லாமல், தலையை மட்டும் ஆட்டினார்.

துண்டும் டம்ளரும் எடுக்க மம்சாபுரம் போனேன். தெருவில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். என் கையிலிருந்த புதுச்சேலையைப் பார்த்தார்கள். ராமலட்சுமி அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "வதினா" என்று ஒரே அலறலாக அலறி உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் தலையை விரித்துப்போட்டார்கள்.

எனக்கு விளங்க நேரம் பிடித்தது. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் அவள் மேல் போர்த்தும் கோடிச்சேலை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். உடன்பிறந்தவனோ அவன் மகனோ புதிதாக எடுத்து, கையில் ஏந்திக்கொண்டு வருவான். எங்கள் தோட்டத்திலும் இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் எங்கள் குடியிருப்பான லயத்தில் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே வரிசையில் நாலு கதவு தள்ளி இருக்கும். யார் எதைக் கொண்டுபோகிறார்கள் என்று நான் கவனித்ததே இல்லை.

"இல்லீங்க, உயிரோட இருக்காங்க. நல்லா இருக்காங்க" என்றேன். யாரும் கேட்கவில்லை. ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, அப்படித்தான் சொல்லவேண்டும், ஆனால் இனி மறைத்து என்ன என்றார். அழுகைக்கு நடுவே ஒரு அம்மா சொன்னது தெளிவாகக் கேட்டது: "குடுத்து வச்சவ. கோடிக்கு ஆளில்ல ஆளில்லன்னு பொலம்புனா. தம்பி மகன் கடல் தாண்டிக் கொண்டாந்துட்டானே."

பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கத் தொடங்கின. ராமலட்சுமி அக்காவை ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். வழி முழுக்க அழுதுகொண்டே வந்தார். அத்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு சுட்டதும் விரலை எடுத்து, என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"ஏலே, சீக்காளிக்குப் பழைய சேலைலா கொண்டாறணும்!"

அதற்குள் தெருவிலிருந்து யாரோ மதினிக்குப் பேசி, கோடி வந்துவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். மதினி ராத்திரி பஸ் ஏறிவிட்டாராம். நான் போனை எடுத்தேன். ராமலட்சுமி அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார். "சொல்லாத. பொழச்சுக்கிட்டான்னு தெரிஞ்சா திரும்பிப் போயிருவா. வதினாவுக்கு இதவிட்டா எப்பம்?" என்றார்.

அதில் நியாயம் இருந்தது. ஆனால் இறந்துபோன தாயைப் பார்க்க ஒரு பெண் பஸ்ஸில் அழுதுகொண்டு வருகிறாள். தாய் இங்கே மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். இதைத் தெரிந்துகொண்டு என்னால் சும்மா உட்கார முடியவில்லை. இருப்பதை இருக்கிறபடி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சேர்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வராந்தாவுக்குப் போய் மதினியைக் கூப்பிட்டேன்.

"மதினி, அத்தை உயிரோடதான் இருக்காங்க. சத்தியமா. சேலை நான் தெரியாம வாங்கினது" என்றேன்.

பஸ் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் அமைதியாக இருந்தது. "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் தம்பி சொன்னாக. மேலுக்குத்தான் முடியல, கெளம்பி வான்னாக. வந்து பாத்தா நடு வீட்டுல கெடத்தியிருந்தாக. நீங்க வெசனப்படாதீக. நான் வந்துருதேன்."

உண்மையைச் சொல்லிவிட்டேன். அதை நம்ப வைக்க என்னிடம் எந்த மொழியும் இல்லை. அப்பாவுக்கு அன்றைக்கு நான் போனே செய்யவில்லை. அக்காவுக்குச் சுகமில்லை என்று என் வாயால் கேட்டால், அவரும் இவர்கள் நம்புவதைத்தான் நம்புவார்.

விடிந்து, வெயில் ஜன்னலுக்கு வந்தபோது அத்தை கண் விழித்தார். பசிக்கிறது என்றார். ராமலட்சுமி அக்கா அந்தப் பச்சைச் சேலையைத் தண்ணீரில் ஒருமுறை நனைத்து, வராந்தாவில் காயப்போட்டு, "இப்பம் இது பழசு" என்று சொல்லி உடுத்திவிட்டார். தெருவில் நடந்தது அத்தைக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. நான் வாங்கி வந்த இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போதுதான் மகேஸ்வரி மதினி வார்டு வாசலில் வந்து நின்றார்.

வீட்டுக்குப் போய், நாற்காலிகளைப் பார்த்து, அம்மா ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறார் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அப்போதும் நம்பவில்லை போல. நேராகக் கட்டிலுக்கு வந்து அத்தையின் பாதத்தைத் தொட்டார். அழுத்திப் பார்த்தார். கையை எடுக்கவே இல்லை.

அத்தை இட்லியைக் கீழே வைத்தார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"ஏட்டி, செருப்பு எங்க?"

"தெரியல" என்றார் மதினி. பஸ்ஸில் விட்டிருக்கலாம். போடாமலே கிளம்பியிருக்கலாம். பிறகுதான் அவருக்கு ஆத்திரம் வந்தது. நீ செத்தால்தான் நான் வருவேன் என்று எல்லோரும் கணக்குப் போட்டீர்களா, ஊரே சேர்ந்து இப்படி ஏமாற்றலாமா, வழி முழுக்க என்ன பாடுபட்டேன் தெரியுமா என்று பாதத்தைப் பிடித்தபடியே அழுதார். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. ராமலட்சுமி அக்கா கோடிக் கதையைச் சொன்னார். அத்தை தன் மேல் இருந்த பச்சைச் சேலையைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"கலரு நல்லாத்தான் எடுத்துருக்கான்" என்றார் மகளிடம்.

மதினிக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் பெண்ணும், என்ன என்று புரியாமலே, சேர்ந்து சிரித்தாள்.

அதே நேரத்தில் மதினியின் போன் அடித்தது. அவர் கணவர். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கூட்டிக்கொண்டு கிளம்ப நிற்கிறார். வன்னியம்பட்டியிலிருந்து அவருடைய ஆட்கள் மாலையோடு வேன் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். மதினி சொன்னார்: "இல்லங்க, அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. இட்லி சாப்புடுது. நெசமாத்தான்." சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். கணவர் சமாதானம் சொல்வது எங்களுக்கே கேட்டது. அழுகாதே, மனசைத் தேற்றிக்கோ, நான் வந்துவிடுகிறேன். மதினி மறுபடி சொன்னார். அவர் மறுபடி தேற்றினார்.

மதினி போனை அத்தையின் பக்கம் நீட்டினார். "நான் சொன்னா நம்ப மாட்டேங்காரு. நீயே சொல்லு."

ராமலட்சுமி அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு எதையும் பார்க்காதவன் போல நின்றேன். அத்தை போனை வாங்கவில்லை. மகள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. போனுக்குள்ளிருந்து "மகேசு, மகேசு" என்று குரல் வந்துகொண்டிருந்தது.

அத்தை ஊசி ஏறாத கையால் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினார், மருமகன் எதிரே வந்து நிற்பதைப் போல. பிறகு போனை வாங்கினார்.

"மாப்பிள்ள, நான் மகேசு அம்மா பேசுதேன்."

அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. அத்தை போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டில் இருந்த இட்லியைப் பார்த்தார்.

"சாப்டீகளா?" என்று கேட்டார்.

பிறகு ஒரு ஆண் குரல், எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் மிகவும் மெதுவாக, "இன்னும் இல்ல அத்த" என்றது.